ஒரு சாண் ராஜராஜன்

உயரம் ஒரு சாண். கை கூப்பி நிற்கிறார். காகிதக் கூழ்க் கொலு பொம்மை என்பதால் கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. விழுப்புரத்தை அடுத்த அய்யங்கோவில்பட்டு பக்கம், கூழோடு கிழங்கு மாவும் சாக்பீஸ் பவுடரும் பிசைந்து, முன்பாதி பின்பாதியாக அச்சில் அழுத்தி, ஒட்டி, காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிறகு வண்ணம் பூசுவார்கள். கடைசி வேலை கண் எழுதுவது. என் ராஜராஜனுக்கு எழுதியவர் 1973-ல் வந்த ‘ராஜராஜ சோழன்’ படத்தைப் பார்த்தவராக இருக்க வேண்டும். மீசை, அந்தக் கதாநாயகரின் மீசையேதான்.

பெரிய கோயிலைக் கட்டியவருக்கு அவர் காலத்திலேயே வைத்த சிலையும் சின்னதுதான். கோயில் நிர்வாகம் பார்த்த ஆதித்தன் சூரியன் என்ற தென்னவன் மூவேந்தவேளான், மன்னருக்கும் அரசி உலகமாதேவிக்கும் செப்புப் படிமம் வார்த்து வைத்ததாகத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது. பாதாதிகேசம் இத்தனை முழம், இத்தனை விரல் என்று கணக்கும் உண்டு. பல ஆண்டு காணாமல் போயிருந்து, 2018-ல் அகமதாபாத்திலிருந்து தஞ்சைக்குத் திரும்பிய ராஜராஜன் சிலை 74 சென்டிமீட்டர். அதுதானா இது என்று கேட்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. திண்டிவனம் பக்கத்துத் தாதாபுரத்துக்கு அன்று ராஜராஜபுரம் என்று பெயர். சிவனுக்கு இரவிகுலமாணிக்க ஈசுவரம், பெருமாளுக்குக் குந்தவை விண்ணகர், சமணருக்குக் குந்தவை ஜினாலயம் என்று ஒரே ஊரில் மூன்றையும் எழுப்பியவர் ராஜராஜனின் அக்கா குந்தவை. ஜினாலயம் இன்று இல்லை. தான் கொடுத்ததற்கு அடுத்தபடியாக ‘அக்கன்’ கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னானே தம்பி, அந்த அக்கா. பெரிய கோயிலில் அப்பா சுந்தர சோழருக்கும் அம்மா வானவன்மாதேவிக்கும் படிமம் எடுத்தவரும் அவர்தான். பெற்றவர்களை மறக்காத அந்தப் பெண்ணின் முகம் நமக்கு வந்து சேரவில்லை.

பொம்மை வாங்கும்போது குந்தவை இருக்கிறாரா என்று கேட்டேன். படத்தில் வருகிற மாதிரியா என்று திருப்பிக் கேட்டார்கள். 2022-ல் வந்த படத்தைச் சொல்கிறார்கள். அந்தக் கொண்டை, அந்த நெற்றிச்சுட்டி. பிள்ளைகள் பெயரையாவது தெரிந்துகொள்கிறார்களே என்று யாரும் சொல்லலாம், சரிதான். ஆனால் அச்சு ஒருமுறை விழுந்தால் ஆயிரம் வீட்டுக் கொலுப்படிக்கும் அதே முகம்தான் போகும். நாளைக்குப் பாடப்புத்தகத்துக்குப் படம் வரைகிறவர் அந்தக் கொலுவைப் பார்த்து வளர்ந்தவராக இருப்பார்.

வேறு எந்த மாதிரி வேண்டும் என்று கேட்டார்கள். கல்வெட்டு படிமத்தின் உயரத்தைச் சொல்கிறது, நகையில் எத்தனை முத்து என்றுகூட எண்ணிச் சொல்கிறது. முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ராஜராஜனை மட்டும் செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.