நெல்லின் ஈரப்பதனும் விரிதாட் சூத்திரமும்

களஞ்சியத்திற் சேர்க்கும் நெல்லின் ஈரப்பதன் 14 சதவீதத்திற்கு மேற்படலாகாது. மேற்படின் பங்கசு பற்றி மணி நிறங்கெடும். குவியல்தோறும் அளந்த பதனைக் கணினி விரிதாளிற் பதியும் கமக்காரர் ‘இஃப்’ என்னும் நிபந்தனைச் சூத்திரத்தைக் கையாளலாம். அதன் அடைப்புக்குறியுள் முதலில் நிபந்தனை, அடுத்து அது பொருந்தின் விடை, ஈற்றிற் பொருந்தாவிடின் விடை: கலத்திலுள்ள எண் 14 இலும் பெரிதாயின் ‘உலர்த்துக’, அன்றேல் ‘சேமிக்க’. விடைச் சொற்களை இரட்டை மேற்கோட்குறியுள் இடுதல் வேண்டும்.

அளக்க மறந்து வெறுமையாய் விட்ட கலத்தை விரிதாள் பூச்சியமாகக் கொள்ளும். அளவாத நெல்லுக்கும் ‘சேமிக்க’ என்றே கூறும். மறதி கணினியினது அன்று. 18 உடன் சதவீதக் குறியைச் சேர்த்தெழுதினும் அது 0.18 ஆகி, ஈரநெல் களஞ்சியம் புகும். ஆதலால், எண் 1 இலும் சிறிதாயின் ‘மீண்டும் அளக்க’ என்னும் நிபந்தனையை முன்வைத்து, முந்திய சூத்திரத்தை அதன் ஈற்றிடத்தில் அமைத்தல் வேண்டும்.