மீட்டர் சொல்லாத வயது

காவிரிப் படுகையின் வாகனங்கள் – 6

சென்ற வாரம், பழைய இருசக்கர வாகனம் கைமாறும்போது 29, 30 ஆம் எண் படிவங்களின் வழியே பதிவுச் சான்றில் பெயர் மாற்றும் முறையும், 15 ஆண்டுப் பதிவுக் காலம் முடிந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டிய தேவையும் விளக்கப்பட்டன. பெயர் மாற்றம் முடிந்து வாசலுக்கு வந்துவிட்ட ஸ்கூட்டரின் கோளாறுகளை எந்த வரிசையில் தேடுவது, பராமரிப்பை எந்தக் கணக்கில் அமைத்துக்கொள்வது என்பன இவ்வாரத்துப் பொருள்.

தயாரிப்பாளரின் கையேடு பராமரிப்பைப் பெரும்பாலும் கிலோமீட்டரால் வகுக்கிறது. அதன் அட்டவணை தார்ச்சாலையில் நாள்தோறும் சீராக ஓடும் வண்டியை மனத்தில் கொண்டது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டச் சிற்றூர்களின் ஸ்கூட்டரோ, வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தபின் வாய்க்கால் கரைச் சேற்றிலும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தெருவில் தேங்கும் நீரிலும், தை மாசியில் அறுவடை எந்திரம் கிளப்பும் தூசியிலும் மாறிமாறி உழல்கிறது. கால் வைக்கும் இடத்தில் நெல் மூட்டையும் உர மூட்டையும் ஏறுகின்றன. உரிமையாளர் வெளியூரில் இருந்தால் வண்டி மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கிறது. சேறு, நீர், தூசி, பாரம், ஓய்வு ஆகிய ஐந்தில் எதுவும் மீட்டரில் பதிவாவதில்லை என்பதால், இப்பகுதியில் பழைய ஸ்கூட்டரின் பராமரிப்பு தண்ணீர்க் காலத்தையும் பயிர்க் காலத்தையும் ஒட்டியே அமைய வேண்டும்.

பழைய வண்டிகளில் மூன்று தலைமுறைகளைப் பிரித்தறிவது பயன்தரும். 1972-இல் அறிமுகமான பஜாஜ் சேத்தக் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகள் பெட்ரோலுடன் 2டி ஆயிலையும் கலந்து எரிப்பவை. ஆயிலின் அளவு கூடினால் ப்ளக்கில் கரி பிடிக்கும், குறைந்தால் பிஸ்டன் சூடேறி இறுகி என்ஜின் சீஸ் ஆகும். 1984-இல் கைனடிக் ஹோண்டா பரவலாக்கிய கியரற்ற முறையை ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினோடு இணைத்து 2001-இல் வந்த ஆக்டிவாவும் அதன் வழிவந்தவையும் இரண்டாம் தலைமுறை. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 மாசு விதிக்குப் பிறகு கார்புரேட்டருக்குப் பதிலாக, கணினிக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் எஃப்.ஐ. அமைப்பு பெற்றவை மூன்றாம் தலைமுறை. இவ்வகையில் பேட்டரி அறவே இறங்கிவிட்டால் கிக்கரை உதைத்தும் பயனிராமல் போகலாம் என்பதால், கோளாறு தேடுவோர் முதலில் பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும், ஓய்வில் 12.6 வோல்ட்டை ஒட்டி நிற்பது நல்ல பேட்டரி.

எந்தத் தலைமுறையாயினும், ஸ்டார்ட் ஆகாத வண்டியில் தேட வேண்டியவை மூன்றே: கரண்ட், பெட்ரோல், கம்ப்ரஷன். கம்ப்ரஷன் என்பது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் எரிவதற்கு முன் அமுக்கும் அழுத்தமாகும். செலவில்லாமல் பார்க்கக்கூடியதை முதலில் பார்ப்பதே முறை. ப்ளக்கைக் கழற்றி, அதன் தொப்பியிலேயே மாட்டி, மரையை என்ஜினின் உலோகப் பகுதியில் தொடவைத்துக் கிக்கரை உதைத்தால் நீலநிறப் பொறி சடசடவென்று தெறிக்க வேண்டும். அருகில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. பொறி மஞ்சளாகவோ மெலிந்தோ இருந்தால் ப்ளக், தொப்பி, வயர், சுருள் என்ற வரிசையில் ஆராய வேண்டும். வைக்கோல் சேர்த்த கொட்டகையில் நிற்கும் வண்டியில் எலி கடித்த வயரும் இதற்குக் காரணமாகலாம்.

கழற்றிய ப்ளக்கின் முனையே ஒரு நோய்க்குறிப்பு. காப்பிப் பொடி நிறத்தில் காய்ந்திருந்தால் எரிதல் சரியாக நடக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுந்தும் காற்று குறைந்தும் எரிகிறது என்று பொருள். அறுவடைக் காலத்தில் இதற்கு முதற்காரணம் உமித்தூசி அடைத்த ஏர் ஃபில்டர். எண்ணெய் ஊறிய தாள் ஃபில்டரைக் காற்றடித்துத் தூய்மை செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியின் ப்ளக்கில் ஆயில் பிசுபிசுத்தால், பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் குறைவாலும் காற்றுக் கசிவாலும் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது.

பொறி நன்றாக இருந்தும் என்ஜின் விட்டுவிட்டு ஓடி வண்டி மிஸ்ஸிங் அடித்தால் பெட்ரோலைப் பார்க்க வேண்டும். கார்புரேட்டர் வண்டியில், மிதவை அறையின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்திச் சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்தால், கலந்த நீர் அடியில் தனிக் குமிழாகத் தெரியும். இன்று பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது; எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது, நீர் ஓரளவைத் தாண்டினால் அந்நீருடன் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பழைய ரப்பர் குழாய்களும் வளையங்களும் எத்தனாலால் உப்பி வெடிக்கக்கூடும். எனவே மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியில் கார்புரேட்டரை வடித்துவிட்டு, டேங்கில் காற்றுக்கு இடம் குறைய முழுமையாக நிரப்புவது நல்லது.

மூன்றாவதான கம்ப்ரஷனைக் கிக்கரே சொல்லிவிடும். காலுக்கு எதிர்ப்பே தராமல் அது கீழே இறங்கினால் ரிங் அல்லது வால்வு தேய்ந்திருக்கிறது. வேலை மெக்கானிக்கின் மேசைக்குப் போக வேண்டியதுதான்.

ஓடும் வண்டியின் கோளாறு வேறு. என்ஜின் சத்தம் கூடியும் வேகம் கூடாத நிலையை, பிக்கப் இல்லை என்பர். கியரற்ற ஸ்கூட்டரில் விட்டம் மாறும் இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓடும் பெல்ட் தான் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு செல்கிறது. கொள்முதல் நிலையத்துக்கு 40 கிலோ நெல் மூட்டைகளை அடுக்கிச் செல்வது தொடர்ந்தால் பெல்ட்டும் அதைத் தள்ளும் ரோலர்களும் விரைவில் தேய்கின்றன; பெல்ட் அறைக்குள் தண்ணீர் புகுந்தால் உலரும்வரை வழுக்குகிறது.

வண்டி நீரில் மூழ்கியிருந்தால் மேற்சொன்ன வரிசை எதுவும் பொருந்தாது. 2020 டிசம்பரில் புரெவி புயலை ஒட்டிப் பெய்த மழை போன்ற காலங்களில், நீர் வடிந்தவுடன் செல்ஃப் பட்டனை அழுத்திப் பார்ப்பதே பெருந்தவறு. நீர் அமுக்கத்துக்கு இடங்கொடாது. சிலிண்டரில் நீர் இருக்கப் பிஸ்டன் மேலேறினால் கனெக்டிங் ராடு வளையும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, ப்ளக்கையும் எடுத்துவிட்டு, கிக்கரை மெல்ல அழுத்தி நீரை வெளியேற்ற வேண்டும். ஆயில் மோர் நிறத்தில் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது. என்ஜின் ஆயிலையும் பின்சக்கரக் கியர் ஆயிலையும் மாற்றி, சிறிது நேரம் ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய வண்டி வாங்குவோர், அது கடந்த அடைமழையில் எங்கே நின்றது என்று விற்பவரிடம் கேட்பதும், ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பதும் மீட்டர் எண்ணைவிட மிகுதியாகச் சொல்லும்.

இவ்வாறு பார்த்தால் ஆண்டுக் கணக்கு நான்காகச் சுருங்கும். ஆற்றில் தண்ணீர் வருமுன், வைகாசியில், பிரேக் ட்ரம்மைத் திறந்து துடைத்து, டயரின் பட்டையைப் பார்க்க வேண்டும். புரட்டாசியில் பேட்டரி முனைகளுக்கு வாசலின் தடவி, ப்ளக் தொப்பியின் ரப்பரைச் சோதிக்க வேண்டும். மழை விட்டதும் ஆயிலையும், அறுவடை முடிந்ததும் ஏர் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். இந்த நான்கும் சேர்ந்தாலும் செலவு, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் ஒரு போர் வேலையின் செலவை எட்டாது. கிலோமீட்டர் அட்டவணையை இவற்றின்மேல் வைத்துக் கடைப்பிடிப்பவருக்குப் பழைய ஸ்கூட்டர் சுமையாவதில்லை.

(தொடரும்)

வரும் வாரம்: மொபெட்டும் நெல் மூட்டையும் – டி.வி.எஸ். எக்ஸ்.எல். டெல்டாவின் பாரவண்டியான விதம்.