ஒலிபெருக்கி

சமதர்ம அமைப்பே நாட்டின் குறிக்கோள் எனத் தீர்மானித்த காங்கிரசு மாநாடு 1955ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஆவடியில் கூடிற்று. அத்தகைய பேரவையில் ஒருவர் தம் குரல் ஒன்றையே நம்பிப் பேசின், முன்வரிசையினர்க்கன்றிப் பிறர்க்கு அஃது எட்டாது. குரலைக் கடைக்கோடி வரை சேர்ப்பது ஒலிபெருக்கி. இன்று ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில், ஆடித் திங்களில் கூழ் வார்க்கும் தெருக்களிலும் அது முழங்குகின்றது. முழக்கம் கேட்கும் அளவிற்குச் சொல் விளங்குகின்றதா எனின், பல இடங்களில் இல்லை. காரணம் யாது?

ஒலிவாங்கி பேச்சை மெல்லிய மின்னலையாக மாற்றும். ஆம்பிளிஃபயர் அதனைப் பெருக்கும். ஒலிபெருக்கி அதனை மீண்டும் ஒலியாக்கும். இம்மூன்றையும் சேர்த்தே மக்கள் மைக்செட் என்பர். ஆம்பிளிஃபயரின் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேலும் குமிழைத் திருகினால் அலை உயராது. அதன் முடி கொய்யப்பட்டுத் தட்டையாகிவிடும். அவ்வாறு சிதைந்த அலையே கரகரப்பாய்ச் செவியில் விழுகின்றது. ஒலிபெருக்கியினுள் இருக்கும் நுண்ணிய கம்பிச் சுருள் சூடேறிக் கருகுவதும் இதனாலேயாம். பின்வரிசையினர்க்குக் கேட்கவில்லை என்றவுடன் குமிழைத் திருகுவோரே மிகுதி. கூட்டத்தின் இடையிடையே சிறிய ஒலிபெருக்கிகளை நிறுத்தி, ஒவ்வொன்றையும் அடங்கிய ஒலியில் இயக்குவதே முறை. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஆகவே 100 மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்புகள் ஒருங்கே முழங்கின், ஒன்றன் அருகே நிற்பவர் ஒரே சொல்லை முன்னும் பின்னுமாக இருமுறை கேட்டுக் குழம்புவர். ஒலிவாங்கியைக் கூம்பின் எதிரே வைத்தலும் ஆகாது. வெளிவந்த ஒலியே திரும்ப உட்புகுந்து ஊளையிடும்.

ஆடி மழையும் கருதத்தக்கது. நெடுந்தொலைவு செல்லும் ஒலிபெருக்கிக் கம்பிகளில் 100 வோல்ட் வரை மின்னழுத்தம் இருத்தல் உண்டு. உறை கிழிந்து நனைந்த கம்பி உயிரைக் குடிக்கும். எர்த் கம்பி இணைக்கப்பெறாத கருவியில் பழுது நேரின், பேசுவோர் கையிலுள்ள ஒலிவாங்கியிலும் மின்சாரம் பாயக்கூடும். இணைப்புகளைத் தொடுமுன் ஆம்பிளிஃபயரை நிறுத்துதல் வேண்டும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், உரிமை பெறாது ஒலிபெருக்கி வைத்தலையும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் அதனை இயக்குதலையும் தடுக்கின்றன. பகலிலும் செவிக்குக் கேடு உண்டு. உட்செவியில் மயிரிழை போன்ற நுனியுடைய உயிரணுக்கள் உள்ளன; பேரொலியால் அவை மடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. விழாக்களில் சிறுவர் கூம்பின் நேரெதிரே நின்று ஆடுவதைக் காணலாம். கூம்பை ஆளுயரத்திற்கு மேலே உறுதியாகக் கட்டி, அதன் முன்னே எவரும் நெருங்காவண்ணம் கயிறு இழுத்துவிட்டால், அச்சிறுவர் செவி பிழைக்கும்.