சேலத்துக்குப் போன பஸ்

1981ஆம் வருடம் ஜூலை 23. பம்பாயில் மழைக்காலம். மேற்கு எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலை ஓரத்து நடைபாதையில், பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போட்டுக் கட்டிய ஒரு குடிசையை முனிசிபல் கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து பிரித்துப் போட்டார்கள். அதில் குடியிருந்தவர் நம் சேலத்துக்காரர். அவரையும் அவர் மனைவியையும் மூன்று பெண் குழந்தைகளையும் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள்.

இது நான் கட்டிய கதையல்ல. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் அச்சாகியிருக்கும் செய்தி. 'ஓல்கா டெல்லிஸ் எதிர் பம்பாய் மாநகராட்சி' என்ற அந்த வழக்கை நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் பாடமாகப் படிக்கிறார்கள். ஓல்கா டெல்லிஸ் ஒரு பத்திரிகையாளர். வழக்குக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. அந்த வழக்கைப் போட்டவர்களில் ஒருவர் சேலத்துத் தமிழர் என்பது நம் சங்கத்துக்கு வந்துபோகும் அன்பர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே வெகுகாலம் தெரியாது.

தீர்ப்பு சொல்கிறபடி, சொந்த நிலமில்லாத விவசாயக் கூலியான அவர், மழை பொய்த்து வேலை போனதால் 1961இல் பம்பாய் வந்தார். தஹிசரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் கூலி. அந்த நடைபாதைக் கூரைக்காக ஒரு தாதா அவரிடம் பிடுங்கிய தொகை 2,500 ரூபாய். அதாவது, நூறு நாளுக்கும் மேற்பட்ட கூலி. நடைபாதையில் இருப்பவன் ஓசியில் இருக்கிறான் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். பெண் குழந்தைகளுக்கு வயது 16, 13, 5.

அதற்குப் பத்து நாள் முன்னால், ஜூலை 13ஆம் தேதி, அப்போதைய மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே ஓர் அறிவிப்புச் செய்தார். பம்பாய் நடைபாதைகளில் இருப்பவர்கள் எல்லாரும் அப்புறப்படுத்தப்பட்டு அவரவர் சொந்த ஊருக்கோ நகருக்கு வெளியேயோ அனுப்பப்படுவார்கள் என்று பத்திரிகைகளில் வந்தது.

அப்போது நான் மாட்டுங்காவில் ஒரு பெரியவர் வீட்டில் பேயிங் கெஸ்டாக இருந்தேன். சாயங்காலம் வராந்தாவில் இதுதான் பேச்சு. "நடக்க இடம் வேண்டாமா? ஊருக்கு அனுப்பி வைத்தால் அவர்களுக்கும் நல்லதுதானே" என்றார் அவர். நானும் தலையாட்டினேன் என்பதை மறைத்துப் பயனில்லை. அந்தப் பெரியவரும் 1940களில் ஒரு டிரங்குப் பெட்டியோடு தாதரில் வந்து இறங்கியவர்தான். அவருக்கு ஒண்டிக்கொள்ள ஒரு சித்தப்பா வீடு இருந்தது. சேலத்துக்காரருக்கு இல்லை. யோசித்துப் பார்த்தால் வித்தியாசம் அவ்வளவுதான்.

நம்மைப் போல் தலையாட்டாமல் கோர்ட்டுக்குப் போனவர்களும் இருந்தார்கள். வழக்கில் இரண்டு தொகுப்பு மனுக்கள். ஒன்றில் சேலத்துக்காரர், அகமத்நகர் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு தொழிலாளி, ஒரு பத்திரிகையாளர் என மூவர். இன்னொன்றில் பன்னிரண்டு பேர். அவர்களில் முதல் ஐந்து பேர் குடியிருந்த இடத்தின் பெயர் காமராஜ் நகர்! பெயரைக் கேட்டதும் நமக்குப் புரிந்துவிடும். நெடுஞ்சாலை ஓரமாகத் தண்ணீர்க் குழாய் பதித்த கம்பெனியின் வேலையாட்கள் 1960 வாக்கில் போட்ட குடிசைகள் பெருகி, ஐந்நூறுக்கும் மேல் ஆகிவிட்டன என்பது மனுவின் கூற்று. நகராட்சி ஊழியர்கள், ஆலைத் தொழிலாளிகள், ஓட்டல் சிப்பந்திகள் என்று உழைக்கிற ஜனங்கள். அடுத்த நால்வர் மாஹிம் துளசி பைப் ரோட்டுக்காரர்கள். நம் மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் எட்டிப் பார்க்கும் தூரம். பத்தாவது மனுதாரர் மக்கள் சிவில் உரிமைக் கழகம் என்று தமிழ்நாட்டில் சொல்கிற பி.யூ.சி.எல். பதினோராவது, பம்பாயின் ஜனநாயக உரிமைப் பாதுகாப்புக் குழு. பன்னிரண்டாவது ஒரு பத்திரிகையாளர்.

பி.யூ.சி.எல். பற்றி இரண்டு வார்த்தை. 1976இல், அவசரநிலைக் காலத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னின்று தொடங்கியது. 1980இல் இன்றைய பெயரையும் அமைப்பையும் பெற்றது. மாநிலந்தோறும் கிளை உண்டு. உறுப்பினர் சந்தாவிலும் தனி ஆட்களின் நன்கொடையிலும் ஓடுகிறது. உள்நாடோ வெளிநாடோ, நிதி நிறுவனங்களிடம் பணம் வாங்குவதில்லை என்பது அதன் கொள்கை. அரசியல் கட்சிகளோடு அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் நம்மிடையே நிறைய. எல்லா விஷயத்திலும் அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் குடிசைக்குள் உட்கார்ந்து, எப்போது வந்தாய், என்ன வேலை, யாரிடம் பணம் கொடுத்தாய் என்று கேட்டு எழுதி, அதை நீதிபதி படிக்கிற காகிதமாக ஆக்கும் வேலை இருக்கிறதே, அதை இவர்களைப் போன்றவர்கள்தான் செய்தார்கள். இல்லையென்றால் 23 ரூபாய் கூலியும் 2,500 ரூபாய் மாமூலும் நமக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

காமராஜ் நகர்க்காரர்கள் முதலில் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போனார்கள். ஜூலை 21 வரை இடைக்காலத் தடை கிடைத்தது. அன்றைக்கு, அக்டோபர் 15 வரை குடிசைகளை இடிப்பதில்லை என்று அரசுத் தரப்பு ஒப்புக்கொண்டது. இரண்டே நாளில், 23ஆம் தேதி, தங்களை அரசு பஸ்களில் அடைத்து ஏற்றினார்கள் என்பது மனுதாரர்களின் குற்றச்சாட்டு. வழியில் இரண்டு குழந்தைகள் பிறந்தன, இரண்டு குழந்தைகள் இறந்தன என்றும் மனுவில் இருக்கிறது. அரசு இதை மறுத்தது. யாரையும் நாடு கடத்துகிற மாதிரிக் கடத்தவில்லை. ஊருக்குப் போக விரும்பி எழுதிக் கொடுத்தவர்களுக்குத்தான் பக்கத்து ரயில் நிலையம் வரை வாகனமும் மேற்கொண்டு டிக்கெட் செலவும் கொடுத்தோம் என்றது. இரண்டையும் சொல்லிவிட்டேன். மழையில் குடிசை பிரிக்கப்பட்டு நிற்கிறவன் எதை விரும்பி எழுதிக் கொடுப்பான் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

எழுதிக் கொடுப்பது பற்றி இன்னொன்று. உயர் நீதிமன்றத்தில் மனுதாரர்கள் தரப்பில், நடைபாதையில் குடிசை போட எங்களுக்கு அடிப்படை உரிமை கிடையாது, அக்டோபர் 15க்குப் பின் இடிப்பதைத் தடுக்க மாட்டோம் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றத்தில் அரசு இதைப் பிடித்துக்கொண்டது: அன்றைக்கு ஒப்புக்கொண்டவர்கள் இன்றைக்கு உரிமை என்று எப்படி வரலாம்? ஐந்து நீதிபதிகளும் அதை ஏற்கவில்லை. அரசியல் சட்டம் கொடுத்த அடிப்படை உரிமையைத் தனி மனிதன் விட்டுக்கொடுத்தாலும் அது போய்விடாது என்றார்கள். நம் குடும்பங்களில் 'இங்கே ஒரு கையெழுத்துப் போடு' என்று யாராவது சொன்னால் போட்டுவிட்டு, பிறகு எல்லாம் போச்சு என்று அழுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

தீர்ப்பு 1985 ஜூலை 10ஆம் தேதி வந்தது. எழுதியவர் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட். கூட இருந்த நால்வரில் ஒருவர் நம் தமிழ்நாட்டு ஏ. வரதராஜன், உச்ச நீதிமன்றத்துக்குப் போன முதல் தலித் நீதிபதி. 21ஆம் பிரிவு உறுதி செய்யும் உயிர் வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடக்கம் என்று தீர்ப்புச் சொன்னது. பிழைக்கும் வழியைப் பிடுங்கினால் உயிரைப் பிடுங்கின மாதிரிதான் என்பது அதன் வாதம்.

கேட்க நன்றாக இருக்கிறது. கைக்கு வந்தது என்ன? நடைபாதை நடப்பதற்கு என்றும் அதே தீர்ப்புச் சொன்னது. 1888ஆம் வருடத்துப் பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் 314ஆம் பிரிவு, நோட்டீஸ் இல்லாமலே ஆக்கிரமிப்பை அகற்றக் கமிஷனருக்கு அதிகாரம் தருகிறது. அந்தப் பிரிவு செல்லும் என்றார்கள். ஆனால் அதிகாரம் இருக்கிறது என்பதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் வரக்கூடாது. அசாதாரணமான நிலைமை தவிர மற்றபடி நோட்டீஸ் கொடுத்து, எதிராளி சொல்வதைக் கேட்க வேண்டும் என்றார்கள். மழைக்காலம் கழிந்து அந்த வருடம் அக்டோபர் 31 வரை கை வைக்கக்கூடாது என்று நாளும் குறித்தார்கள். 1976 குடிசைக் கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்று மனை தர வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக இருந்து மேம்படுத்தப்பட்ட குடிசைப் பகுதிகளைப் பொதுக் காரியத்துக்கு நிலம் தேவைப்பட்டால் ஒழியத் தொடக்கூடாது. தொட்டால் மாற்று இடம். காமராஜ் நகர்? அது சாலையின் பகுதி, குழந்தைகள் நெடுஞ்சாலைக்கு ஓடி ஆபத்து என்று, அதையும் மற்ற நடைபாதைக் குடிசைகளோடு சேர்த்துவிட்டார்கள். ஜெயித்தது சட்டப் புத்தகம். மனுப் போட்டவன் வீடு தோற்றது என்று ஒரு வக்கீல் நண்பர் என்னிடம் சொன்னார். நான் அவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டேன். வீட்டு வாசலில் நின்று 'நோட்டீஸ் எங்கே?' என்று ஒருவர் கேட்க முடிகிறதே, அது சின்ன விஷயம் இல்லை.

அதே 1985இல் சென்னை நடைபாதைவாசிகளுக்காகவும் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தீர்ந்தது. அதைப் போட்டவர் கே. சந்துரு என்ற இளம் வக்கீல். பிறகு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். 2021இல் வந்த 'ஜெய் பீம்' படம் அவர் நடத்திய ஒரு வழக்கை வைத்து எடுத்ததுதான்.

கோர்ட் இல்லாத காலம் எப்படி இருக்கும் என்பதைச் செம்பூர்ப் பக்கத்து மூத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். மான்குர்டில் அணுசக்தி நிலையத்தை ஒட்டி ஜனதா காலனி இருந்தது. நம்மவர்கள் கணிசமாக வாழ்ந்த இடம். சுமார் எழுபதாயிரம் பேர் இருந்த அந்தக் காலனியை 1976 மே மாதம், அவசரநிலையின் நடுவில், காலி செய்து டிராம்பே சீத்தா கேம்புக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அதை எதிர்த்து வருடக்கணக்கில் போராடியவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயல் தமிழர், தச்சு வேலை தெரிந்தவர். 1963இல் பம்பாய் வந்து அந்தக் காலனியில் தெருவிலேயே படுத்து, பிள்ளைகளைக் கூட்டிப் பாட்டும் படிப்பும் சொல்லிக் கொடுத்தவர். குப்பை அள்ள ஆள் வராதபோது பிள்ளைகள் கையில் ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, நகராட்சி ஆபீசிலேயே கொண்டுபோய்ப் போட வைத்தார் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். காலனியை அவரால் காப்பாற்ற முடியவில்லை. தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பைக் கட்டி எழுப்பினார். 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் வந்தன. 2018இல் காலமானார்.

சட்டம் வந்துவிட்டது. அது அது யாருக்கு வேண்டுமோ அவர்கள் காதுக்குப் போயிற்றா? இங்கேதான் நம் பிரச்சினை. தீர்ப்பு ஆங்கிலத்தில், வாசலில் ஒட்டுகிற நோட்டீஸ் மராத்தியில், வீட்டில் பேச்சுத் தமிழில். பம்பாயில் பிறந்த பிள்ளைகள் மராத்தி படித்துவிடும். ஐம்பதைத் தாண்டிய பெண்கள் பாடு திண்டாட்டம்தான்.

தாராவியில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, திருநெல்வேலிப் பக்கம், விடியற்காலை இட்லி அவித்து விற்பனைக்குக் கொடுத்தே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். அவர் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. ரேஷன் கார்டு, போட்டோ பாஸ், லைட் பில், வோட்டர் லிஸ்ட் பக்கத்தின் ஜெராக்ஸ் எல்லாம் வருட வரிசையில் அதில் இருக்கும். எப்படி இவ்வளவு விவரம் என்று கேட்டேன். "ஒரு கூட்டத்துல தமிழ்ல சொன்னாங்கண்ணே. நோட்டீஸ் வந்தா பயந்து கிழிச்சுப் போடக்கூடாது, அதுல செக்‌ஷன் நம்பர் என்ன, தேதி என்னன்னு முதல்ல பாக்கணும்னாங்க. அன்னைக்கே இந்த டின்னை ஒழிச்சேன்" என்றார்.

அந்த நம்பர்தான் விஷயம். 351 என்று இருந்தால் கட்டிடத்தைப் பற்றி விளக்கம் கேட்கிறார்கள்; ஏழு நாள் அவகாசம் உண்டு, அதற்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் ஆபீஸ் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். 314 என்றால் தெரு, நடைபாதை ஆக்கிரமிப்பு. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் வருமானம் எவ்வளவானாலும் இலவச வக்கீல் உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் கேட்க வேண்டும். 1987ஆம் வருடச் சட்டம் இது. கேட்டவர்கள் எத்தனை பேர்?

இன்றைக்குத் தாராவியில் புது வீட்டுத் திட்டத்துக்கு வீடு வீடாகக் கணக்கெடுத்ததில் டின்னின் மதிப்பு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. 2000 ஜனவரி 1க்கு முந்தைய தரைத்தள வீடு என்று நிரூபித்தால் தாராவியிலேயே இலவச வீடு என்கிறார்கள். பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே, அதுவும் பணத்துக்கோ வாடகைக்கோ. ஒரு காகிதத்தின் தேதி ஒரு குடும்பத்தைத் தாராவியில் வைக்கிறது, அல்லது வெளியே அனுப்புகிறது.

போன தடவை போயிருந்தபோது, 2024 நவம்பர் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் பற்றி அக்காவிடம் சொன்னேன். நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன், பின்னவர் நம் பொள்ளாச்சிக்காரர். இடிப்பதற்கு முன் பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், வீட்டிலும் ஒட்ட வேண்டும் என்று நாடு முழுவதுக்கும் உத்தரவு. அக்கா கவனமாகக் கேட்டுவிட்டு, "ரோட்டோரம் இருக்கிறவங்களுக்கும் உண்டாண்ணே?" என்றார்.

இல்லை. சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம் போன்ற பொது இடத்துக் கட்டுமானங்களுக்கு அந்த உத்தரவு பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 1985இல் சேலத்துக்காரர் வழக்கில் சொன்னதுதான் அவர்களுக்கு இன்னும் ஆதாரம். அந்தச் சேலத்துக்காரர், மனைவியையும் பெண்களையும் ஊரில் விட்டுவிட்டு வேலை தேடித் தனியாகத் திரும்பி வந்து, மறுபடி ஒரு நடைபாதையிலேயே இடம் பிடித்தார் என்ற வரையில் தீர்ப்பில் இருக்கிறது.

"இதையெல்லாம் ஒரே பக்கத்துல, பெரிய எழுத்துல, தமிழ்ல அடிச்சுக் குடுங்கண்ணே. எங்க லைன்ல நானே வீடு வீடாப் போய்க் குடுக்கேன்" என்றார் அக்கா. அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். மராத்தி நோட்டீஸ் வாசகங்களைப் பிழையில்லாமல் தமிழில் சொல்லத் தெரிந்த அன்பர்கள் யாரேனும் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். மீதியை உட்கார்ந்து முடித்துவிடலாம்.