சம்பளத் திருட்டு எங்க ஆரம்பிக்குது?

நான் ஆன்சைட் போனப்ப விசா, டிக்கெட், மெடிக்கல் எல்லாமே கம்பெனி செலவு. எங்க தெருவுல வயரிங் வேலை பாத்த அண்ணன் ஒருத்தர் கத்தார் போனார். அவர் ஏஜென்ட்டுக்குக் கட்டினது ஒன்றரை லட்சம். ரெண்டு பேரும் வேலைக்குத்தானே போனோம்? ஏன் இந்த வித்தியாசம்? அதுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல சட்டம். 1983 குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு இல்லாத ஏஜென்ட் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கவே கூடாது. பதிவு பெற்றவர் தொழிலாளிகிட்ட வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ரசீதும் தரணும். ஆனா நடுவுல ஒரு சப்-ஏஜென்ட் இருப்பார். பெரும்பாலும் ஊர்ல தெரிஞ்சவர்தான். பணத்தைக் கையில வாங்குவார், ரசீது கிடையாது.

இப்போ அண்ணனோட கணக்கு. ஒன்றரை லட்சமும் மூணு வட்டிக்கு வாங்கினது. மாசம் 4,500 ரூபாய் வட்டி மட்டும். ஏஜென்ட் சொன்ன சம்பளம் 1,500 ரியால். அங்க இறங்கினதும் கையெழுத்து வாங்கின காண்ட்ராக்ட்ல 1,000 ரியால். அது 2021 மார்ச்லேர்ந்து அந்த நாட்டுல இருக்கற குறைந்தபட்ச சம்பளம். அதனால பேப்பர்ல தப்பே தெரியாது. அப்பவே திரும்பி வந்திருக்கலாமேன்னு கேட்பீங்க. கடனை யார் அடைக்கறது?

கத்தார் 2015-ல ஊதியப் பாதுகாப்பு முறை கொண்டு வந்துச்சு. சம்பளம் பேங்க் வழியாத்தான் போகணும், லேட்டானா அரசுக்குத் தெரிஞ்சிடும். ஒரு டெவலப்பரா எனக்கு இது பிடிச்சது. ஆனா அந்த சிஸ்டம் முக்கியமா பாக்கறது பணம் அக்கவுண்ட்டுக்குப் போச்சாங்கறதைத்தான். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு எட்டு மணி நேரச் சம்பளம் போட்டாலும், ஏடிஎம் கார்டை சூப்பர்வைசர் வாங்கி வச்சுக்கிட்டாலும், டேஷ்போர்டுல எல்லாம் பச்சையாத்தான் இருக்கும். ஊர்ல ஓடுற வட்டி எந்த டேஷ்போர்டுலயும் வராது.

2020-ல முதலாளி அனுமதி இல்லாமலே வேலை மாறலாம்னு கத்தார் சட்டத்தை மாத்தினாங்க. நல்ல மாற்றம்தான். ஆனா புகார் கொடுத்துட்டு ரெண்டு மாசம் சம்பளம் இல்லாம உட்கார்ந்தா, வட்டி மட்டும் 9,000. அதனாலதான் பலர் வாயே திறக்கறதில்ல. திருட்டு முதல் மாசச் சம்பளத்துல ஆரம்பிக்கல, ரசீது இல்லாம கொடுத்த அந்த ஒன்றரை லட்சத்துல ஆரம்பிச்சிருச்சு.

உங்க வீட்டுல, தெருவுல யாராவது கிளம்பறாங்களா? இ-மைக்ரேட் தளத்துல ஏஜென்ட் பதிவைத் தேடிப் பாருங்க. பணம் பேங்க் வழியா மட்டும் கட்டச் சொல்லுங்க. காண்ட்ராக்டை ஃபோட்டோ எடுத்து வீட்டுல ஒரு காப்பி வைங்க. நம்ம கையில இருக்கற ஃபோன்ல பத்து நிமிஷ வேலைதான். அந்த அண்ணனுக்கு அன்னைக்கு நான் அதைச் செய்யல.