நெருப்புக்கும் ஒரு பங்கு

நகைக் கடைக்குப் போனால் நாம் முதலில் கேட்கும் கேள்வி என்ன? "செய்கூலி எவ்வளவு? சேதாரம் எவ்வளவு?" என்பதுதான். கடைக்காரர் ஒரு கணக்குச் சொல்வார். நாம் முகத்தைச் சுளிப்போம். "பக்கத்துக் கடையில் இதைவிடக் குறைவு" என்று எழுந்திருப்பது போலப் பாவனை செய்வோம். அவர் கொஞ்சம் இறங்கி வருவார். வீட்டுக்கு வந்ததும், சாமர்த்தியமாகக் குறைத்துவிட்டதை நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக் கொள்வோம். இந்த வித்தையில் நான் யாருக்கும் இளைத்தவள் அல்ல. ஒரே ஒரு தடவை மட்டும் என் பேரம் எல்லை மீறிப் போயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்படிப்பட்ட என்னை 2024-ஆம் வருஷம் பாலித் தீவில் ஒரு பட்டறையில் உட்கார வைத்து, கையில் சுத்தியலையும் கொடுத்துவிட்டாள் என் மகள். "அம்மா! நீ செய்கூலி பேசுவதில் கெட்டிக்காரி என்று ஊருக்கே தெரியும். ஒரு மோதிரத்தை நீயே செய்து பாரேன்!" என்றாள். சிங்கப்பூரிலிருந்து எங்களை அந்தத் தீவுக்கு அழைத்துப் போனவளே அவள்தான். மறுத்துப் பேச வழியில்லை. என் வீட்டுக்காரர், "நான் காப்பி குடிக்கப் போகிறேன்" என்று நழுவிவிட்டார்.

ஊருக்கு ஒரு தொழில்

இந்தோனேசியாவைச் சேர்ந்த பாலித் தீவின் தலைநகர் டென்பஸார். அங்கிருந்து உபுத் என்ற ஊருக்குப் போகும் சாலையில், ஊருக்கு ஒரு கைத்தொழிலாக வரிசையாக வருகிறது. பதுபுலான் என்றால் கல்சிற்பம். பதுவான் என்றால் ஓவியம். மாஸ் என்று ஓர் ஊர். 'மாஸ்' என்றால் அவர்கள் பாஷையில் தங்கம். ஆனால் அங்கே செய்வதோ மரச் சிற்பம்! பதுபுலானுக்கும் பதுவானுக்கும் நடுவில் இருக்கும் செலுக் என்ற கிராமந்தான் வெள்ளிக்குப் பேர்போனது. வெள்ளிக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'பேராக்'. மலேசியாவில் பேராக் மாநிலம் இருக்கிறதே, அதே சொல்தான்.

பாலியில் உலோக வேலை செய்யும் குலத்தாருக்குப் 'பாண்டே' என்று பெயர். நம் விசுவகர்மரைப் போல, நெருப்போடு பழகுகிறவர்கள் என்று அவர்களுக்குத் தனி மதிப்பு உண்டு. அவர்களுக்கென்று தனிப் புரோகிதர்களும் உண்டு. 210 நாட்களுக்கு ஒரு முறை 'தும்பெக் லண்டெப்' என்று ஒரு பண்டிகை வருகிறது. அன்று கத்தி, சுத்தியல் முதலிய உலோகப் பொருள்களுக்கெல்லாம் படையல் வைக்கிறார்கள். இந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிளுக்கும் காருக்குங்கூட அந்த மரியாதை கிடைக்கிறது. நம் ஆயுத பூஜை நினைவுக்கு வருகிறதல்லவா?

நாங்கள் போன பட்டறை ஒரு வீட்டின் முற்றத்தில் இருந்தது. ஆசிரியருக்கு ஐம்பது வயதிருக்கும். என்னை 'இபூ' என்று கூப்பிட்டார். தாய் என்று அர்த்தமாம். வாசலில் தென்னங்குருத்தால் முடைந்த சின்னத் தட்டில் பூவும் ஊதுவத்தியும் வைத்திருந்தது. அதைப் பார்த்ததுமே பாதிப் பயம் போய்விட்டது. மீதிப் பாதி, நெருப்பைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டது!

அடித்தால் முறைக்கும், சுட்டால் இளகும்

முதலில் ஆசிரியர் வெள்ளியை நிறுத்தார். வகுப்புக் கட்டணத்தில் 5 கிராம் வெள்ளி அடக்கம். அதற்கு மேல் வேண்டுமானால் கிராமுக்கு இவ்வளவு என்று தனியாகக் கொடுக்க வேண்டும். நான் ஆசைப்பட்ட மோதிரத்துக்காக 7 கிராம் எடுத்தார். சுத்த வெள்ளி மிகவும் மிருதுவானது. மோதிரமாகப் போட்டால் சீக்கிரம் வளைந்து நெளிந்துவிடும். அதனால் நூற்றுக்கு 92½ பங்கு வெள்ளியும் 7½ பங்கு செம்பும் கலந்து வைத்திருந்தார். நகைகளில் '925' என்று முத்திரை பார்க்கிறோமே, அதன் பொருள் இதுதான்.

சிறு மூசையில் வெள்ளியைப் போட்டு, ஒரு சிட்டிகை வெண்காரம் தூவி, நெருப்பைக் காட்டினார். இந்த நெருப்புக்கே ஒரு வேடிக்கையான ஏற்பாடு இருக்கிறது. காலால் ஒரு துருத்தியை மிதிக்க வேண்டும். அந்தக் காற்று ஒரு டப்பாவிலுள்ள பெட்ரோலின் ஆவியை வாரிக்கொண்டு குழாய் வழியாக வந்து, கையிலுள்ள முனையில் எரிகிறது. கால் வேகமாக மிதித்தால் சுவாலை சீறும். மெதுவாக மிதித்தால் தணியும். பழைய காலத்துத் தையல் மிஷினில் பழகிய என் காலுக்கு இது சீக்கிரம் பிடிபட்டது. அன்று எனக்குச் சுலபமாக வந்தது அது ஒன்றுதான்.

உருகிய வெள்ளி பாதரசம் போல உருண்டு நின்றது. அதை அச்சில் ஊற்றினார். சின்னக் கட்டியாக உறைந்தது. "இனி உங்கள் வேலை, இபூ!" என்றார்.

அடித்தேன். பத்து அடி வரையில் வெள்ளி நான் சொன்னபடி கேட்டது. அதற்கப்புறம் முரண்டு பிடித்தது. இன்னும் ஓங்கி அடிக்கப் போனேன். ஆசிரியர் கையைத் தடுத்தார். அடிக்க அடிக்க வெள்ளி முறைத்துக் கொள்ளுமாம். மேலும் அடித்தால் வெடித்துப் போகுமாம். மங்கிய சிவப்பு வரும் வரையில் சுட்டுத் தண்ணீரில் போட்டால் மறுபடியும் இளகிக் கொடுக்குமாம். அப்படியே செய்தார். வெள்ளி மறுபடியும் சொன்னபடி கேட்டது. அடிப்பது, சுடுவது, அடிப்பது, சுடுவது என்று நாலு தடவை ஆயிற்று. வெளியே காப்பிக்குப் போன மனிதர் திரும்பி வந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் போய்விட்டார்!

பிறகு விரலை அளந்து, தகட்டை வெட்டி, மோதிரக் கம்பில் வளைத்தோம். இரண்டு முனைகளும் சேருமிடத்தில் வெளிச்சம் தெரியக்கூடாது. அப்படி அரத்தால் ராவ வேண்டும். அதற்கே அரைமணி நேரம் பிடித்தது. என் மடியில் தோல் துணி ஒன்றை விரித்திருந்தார்கள். அரத்திலிருந்து உதிரும் வெள்ளிப் பொடி அதில் விழுந்தது. தும்மல் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்மும்படி ஆசிரியர் எச்சரித்தார்.

பொடி வைத்து ஊதிய கதை

அடுத்தது பற்ற வைப்பது. ஒருவர் ஏதோ உள்ளர்த்தத்தோடு பேசினால், "பொடி வைத்துப் பேசுகிறார்" என்கிறோம். "பொடி வைத்து ஊதுவது" என்பது பொற்கொல்லர் வேலையிலிருந்து வந்த பேச்சு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் நானே பொடி வைத்தேன். பற்றாசு என்பது வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் கலந்தது. வெள்ளியைவிடக் குறைந்த சூட்டில் உருகும். அதை வெண்காரத்தோடு மூட்டின் மேல் வைத்து, மோதிரம் முழுவதையும் ஒரே சீராகச் சூடாக்க வேண்டும். சரியான சூடு வந்ததும் பற்றாசு கண் சிமிட்டும் நேரத்தில் பளிச்சென்று ஓடி இடுக்கில் புகுந்துகொள்ளும்.

எனக்கோ பொறுமை இல்லை. சுவாலையை ஒரே இடத்தில் காட்டினேன். "போதும், இபூ! போதும்!" என்று ஆசிரியர் கத்தினார். அதற்குள் ஒரு முனை உருகிக் கடுகு போலத் திரண்டுவிட்டது. ஒன்றரை மணி நேர உழைப்பு! எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். கெட்ட முனையை வெட்டி எறிந்து, ராவி, மறுபடியும் வளைத்தோம். மோதிரம் சுண்டு விரலுக்குத்தான் ஆயிற்று. இரண்டாவது தடவை பற்றாசு ஓடியது. கன்னங்கரேலென்று இருந்த மோதிரத்தைப் படிகாரம் கரைத்த கொதிநீரில் போட்டதும், பால் போல வெளுத்து வந்தது.

இனி அலங்காரம். செலுக் வேலைக்கு அழகே அதன் மேல் பதித்திருக்கும் கடுகினும் சிறிய வெள்ளி மணிகள்தாம். மெல்லிய கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கிக் கரியின் மேல் வைத்துச் சுட்டால், ஒவ்வொரு துண்டும் தானாகவே உருண்டையாகிவிடுகிறது. இந்த மணிகளை ஒட்ட வைக்கும் பசையை ஆசிரியரின் மனைவி கொண்டு வந்தார். ஒரு கல்லின் மேல் சொட்டுத் தண்ணீர் விட்டு, சிவப்பும் கறுப்புமான ஒரு விதையை உரைத்தார். உற்றுப் பார்த்தேன். நம் குன்றிமணி! நம் பொற்கொல்லர்கள் ஒரு காலத்தில் தங்கத்தை நிறுப்பதற்கு வைத்திருந்த அதே குன்றிமணி அங்கே பசையாகிறது. (குழந்தைகள் உள்ள வீட்டார் ஜாக்கிரதை! அந்த விதைக்குள் கொடிய விஷம் இருக்கிறது.) ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொரு மணியாக எடுத்து வைத்தேன். ஏழு மணிகள் வைப்பதற்குள் கழுத்து வலித்தது. அந்த அம்மாள் அதே நேரத்தில் ஒரு காதணியில் அறுபது எழுபது வைத்துவிட்டார்.

கடைசியில் ஊறவைத்த பூந்திக்கொட்டை நுரையில் பித்தளைத் தூரிகையால் தேய்த்தோம். அங்கேயும் பூந்திக்கொட்டைதான்!

இருநூறு மில்லி

மோதிரம் மின்னியது. ஆசிரியர் அதைத் தராசில் வைத்தார். 5.4 கிராம். தோல் துணியில் இருந்த பொடியையும் வெட்டிய துண்டுகளையும் சேர்த்து நிறுத்தார். 1.4 கிராம். கூட்டினால் 6.8.

"7 அல்லவா கொடுத்தீர்கள்? மீதி 0.2 எங்கே?" என்று கேட்டேன். பழக்க தோஷம்!

அவர் சிரித்தார். மூசையின் உட்புறத்தைக் காட்டினார். அரத்தின் பற்களைக் காட்டினார். என் விரல் நகங்களைக் காட்டினார். ஒரு பாத்திரத்தில் என் கையைக் கழுவச் சொல்லி, அந்தத் தண்ணீரையும் கொட்டாமல் எடுத்து வைத்தார். கடைசியாக நெருப்பைக் காட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1991-ஆம் வருஷம் இதே ஜாடையை இன்னொருவர் எனக்குக் காட்டியிருந்தார்.

அப்போது இந்த மகளுக்கு மூன்று வயது. என் தாயார் போட்டிருந்த பழைய வெள்ளிக் கொலுசை அழித்துக் குழந்தைக்குச் செய்ய ஆசைப்பட்டேன். எங்கள் தெருக்கோடியில் இருந்த பத்தரிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது 180 கிராம். உருக்கிய பிறகு 163 கிராம் என்றார். தெருவில் நாலு பேர் நிற்கும்போது, "தாய்ப் பொன்னிலும் மாப்பொன் திருடுவான் தட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. உலையைக் காட்டி, "நெருப்புக்கும் ஒரு பங்கு உண்டம்மா" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு நான் அந்தப் படி ஏறவில்லை.

அவர் சொன்னது இத்தனை வருஷம் கழித்து, கடல் கடந்து வந்து விளங்கியது. பழைய கொலுசில் மூட்டுக்கு மூட்டு பற்றாசு இருக்கும். உருக்கும்போது அதிலுள்ள துத்தநாகம் புகையாகப் போய்விடும். இடுக்குகளில் ஏறிய எண்ணெயும் அழுக்கும் எரிந்துவிடும். கலந்திருக்கும் செம்பில் ஒரு பகுதி வெண்காரத்தோடு சேர்ந்து கசடாகும். புது வெள்ளி 7 கிராமிலேயே எனக்கு 0.2 கிராம் போயிற்றே!

ஏமாற்றுகிறவர்கள் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. எடையும் முத்திரையும் ரசீதும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் செய்கூலி என்ற வார்த்தையை இனி என்னால் அலட்சியமாகச் சொல்ல முடியாது. நாலு மணி நேரத்தில் ஏழு மணி வைத்தவள் நான்! 2020-இல் கொரோனா வந்து வெளிநாட்டார் வரவு நின்றபோது, மாதக் கணக்கில் சுத்தியல் சத்தமே கேட்காமல் இருந்ததை ஆசிரியர் சொன்னார். என் தெருப் பத்தரின் பட்டறையிலோ சத்தம் நின்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள்.

ஊர் திரும்பியதும் அவர் வீட்டைத் தேடிப் போனேன். எண்பது தாண்டிவிட்டது, திண்ணையில் சாய்ந்திருந்தார். மோதிரத்தைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பற்றாசு ஒரு பக்கம் வழிந்திருக்கிறது. ராவினது புதுக் கை. மணி நன்றாய் உட்கார்ந்திருக்கிறது. எங்கே வாங்கினீர்கள், அம்மா?"

"வாங்கவில்லை, பத்தரே. நானே செய்தேன்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எவ்வளவு வெள்ளி போயிற்று?"

"இருநூறு மில்லி."

"முதல் வேலைக்கு அது ஒன்றும் அதிகமில்லை" என்றார்.

"பத்தரே, அன்றைக்கு நான் சொன்னது தப்பு" என்றேன்.

"என்றைக்கு?" என்று கேட்டார்.

நிஜமாகவே மறந்துவிட்டாரா, மறந்தது போலக் காட்டிக் கொண்டாரா என்று அந்த முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. மோதிரத்தை வேஷ்டியின் ஓரத்தில் ஒரு முறை அழுத்தித் துடைத்து என் கையில் வைத்தார். எனக்கென்னவோ, நான் கொண்டு போனபோது இருந்ததைவிட அது பளபளப்பாக இருந்தது.