தரவு மையத்தில் மின்பகிர்வு

காஞ்சியிற் பட்டுச் சேலை கொள்வார் பலர் இக்காலத்துக் கைப்பேசியாலேயே விலை செலுத்துகின்றனர். கணப்பொழுதில் முடியும் அச்செயலுக்குச் சர்வர் எனப்படும் கணிப்பொறிகள் எங்கோ ஒரு கட்டடத்தில் இரவும் பகலும் ஓயாதியங்குதல் வேண்டும். அக்கட்டடமே தரவு மையமாம். 2019 இல் செங்கற்பட்டு மாவட்டம் தனியே பிரியுங்காறும் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சார்ந்திருந்த சிறுசேரியில், அதானிகானெக்ஸ் நிறுவனத்தார் 2022 இல் அத்தகைய மையமொன்றைத் தொடங்கினர். இம்மையங்களில் மின்சாரம் சர்வர்களை இறுதியாக அடைவது, அவற்றை அடுக்கிய ராக்கின் பின்புறத்தே பொருத்திய மின்பகிர்வுப் பட்டையின் வழியேயாம். அதனைத் தேர்ந்தெடுக்குமாறு யாங்ஙனம் என்பதை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் நோக்கற்பாலது சுமையின் அளவு. ஒரு ராக்கில் 20 சர்வர்கள் உள. ஒவ்வொன்றும் 400 வாட் கொள்ளும் என்க. மொத்தம் 8,000 வாட். நம் நாட்டு ஒருமுனை மின்சாரம் 230 வோல்ட் ஆதலின், 32 ஆம்பியர்ப் பட்டை 7,360 வாட்டே தாங்கும்; அது போதாது. மும்முனையில் 16 ஆம்பியர்ப் பட்டையோ 11,040 வாட் தாங்கும். இடையறாத சுமையை நூற்றுக்கு 80 பங்கிற்குள் நிறுத்துதல் நல்வழக்கு ஆகலின், 8,832 வாட் வரை ஏற்றலாம். எனினும், சர்வர்களை மூன்று முனைகட்கும் ஒப்பப் பங்கிடுதல் வேண்டும். ஒரு முனையிலேயே குவிப்பின் பட்டை தாங்காது.

இனித் தலையாய செய்தியைக் கூறுவாம். சர்வர் ஒவ்வொன்றும் இரு வேறு மின்வழிகளிலிருந்து இரண்டு பட்டைகளின் வாயிலாக மின்சாரம் பெறும். இரண்டும் செவ்வனே இயங்குங்கால் ஒவ்வொன்றும் பாதிச் சுமையாகிய 4,000 வாட்டையே காட்டும். அதனைக் கண்டு, "இன்னும் இடமுண்டு" என்று 20 சர்வர்களைக் கூட்டுவாருளர். அப்பொழுதும் ஒவ்வொரு பட்டையும் 8,000 வாட்டே காட்டுமாதலின் குறை தோன்றாது. ஆனால், ஒரு வழி அறுந்த அந்நொடியே 16,000 வாட்டும் மற்றதன்மேல் விழும். அதன் பிரேக்கரும் வீழ, ராக் முழுதும் இருளும். தேரின் இரு வடங்களுள் ஒன்று அறுந்தால் மற்றொன்று தனித்து இழுக்கவல்லதாயிருத்தல் வேண்டும். அன்றேல் இரண்டு பூட்டியும் பயனில்லை.

அடுத்து, பட்டையின் வகை. விலை குறைந்தது மின்சாரத்தைப் பகிர்வதோடமையும். அளவுகாட்டி உடையது சுமையை அறிவிக்கும். மேல்வகையோ ஒவ்வொரு சாக்கெட்டையும் தொலைவிலிருந்தே இயக்கவும், மின்சாரம் மீளுங்கால் சர்வர்களை ஒன்றன்பின் ஒன்றாய் எழுப்பவும் உதவும். மின்சாரம் மீளும் முறையும் கருதத்தக்கதே. 2017 மே 27 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தாரின் தரவு மையத்தில் மின்சாரம் தடைப்பட்டு, பின் ஒழுங்கின்றி மீண்டமையாற் கருவிகள் சிதைந்தன; ஏறத்தாழ 75,000 பயணிகள் இடர்ப்பட்டனர்.

அன்றியும், சி13 சாக்கெட்டு 10 ஆம்பியருக்கும், சி19 சாக்கெட்டு 16 ஆம்பியருக்கும் உரியன என்பதறிந்து, சர்வருக்கேற்ப அவற்றின் தொகையைக் கணித்தல் வேண்டும். ராக்கின் பின்புறம் வெங்காற்று வீசுமிடமாகலின், பட்டை தாங்கும் வெப்பநிலையையும் வினவுக.

ஆகவே, பட்டை வாங்குவார் இன்றைய சுமையை மட்டும் நோக்காது, ஒரு வழி கெட்ட நாளின் சுமையை நோக்கியே வாங்குவாராக.